போரின் பின் இறந்தோர் யாருக்கு உரியர்? – பியெர் லெமேத்ரின் நாவலொன்று பற்றிய நோக்கு

1

போரைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்கள் பெரும்பாலும் போர்க்களத்தையே தமது களமாகக் கொள்வன. துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர் வரும் ஓரிரு ஆண்டுகள் இலக்கியத்தில் ஒப்பளவிற் குறைவாகவே இடம்பெற்றுள்ளன. ஆயினும் ஒரு சமூகம் தான் நடத்திய போருக்கு என்ன பொருள் கற்பித்துக்கொள்ளும், அதன் இழப்புகளை யார் சுமப்பர், அவ்விழப்புகளால் யார் பயனடைவர் என்னும் வினாக்கள் தீர்க்கப்படுவது அவ்வாண்டுகளிலேயாகும். அக்காலப்பகுதியை முழுமையாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட நாவல் என்ற வகையில், பிரெஞ்சு எழுத்தாளர் பியெர் லெமேத்ரின் 'ஓ ருவார் லா-ஓ' எமது கவனத்திற்குரியதாகின்றது. 'மேலே மீண்டும் சந்திப்போம்' என்பது அத்தலைப்பின் பொருள். 2013இல் வெளிவந்த இந்நாவல் அவ்வாண்டு நவம்பர் 4ஆந் திகதி பிரான்சின் உயர் இலக்கிய விருதுகளுள் ஒன்றான கொங்கூர் பரிசைப் பெற்றது. பிராங்க் வின் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வெளியாயிற்று.

1951இற் பிறந்த லெமேத்ர் இந்நாவலுக்கு முன்னர் குற்றவியல் நாவல்களின் ஆசிரியராகவே அறியப்பட்டிருந்தார். இது காரணமாக நாவலை மதிப்பிடுவதில் இருவகைப் போக்குகள் எழுதல் இயல்பே. விறுவிறுப்பும் திருப்பங்களும் நிறைந்த வெகுசன நாவலொன்றுக்கு உயர்விருது கிடைத்துவிட்டது என்பது ஒன்று. போரெதிர்ப்பு இலக்கியத்தின் தலைசிறந்த படைப்பு இது என்பது மற்றையது. முதலாவது நாவலின் வடிவத்தை மட்டும் நோக்குகிறது. இரண்டாவது அதன் கருத்தை மட்டும் நோக்குகிறது. மோசடிக் கதை என்னும் வடிவமே இங்கு கருத்தைத் தாங்கி நிற்கின்றது என்பதும், அவ்வடிவத்தின் வலிமை எதுவோ அதுவே நாவலின் வரையறையுமாகின்றது என்பதும் எமது துணிபு.

2

நாவலை அணுகுமுன் கொங்கூர் பரிசுக்கும் முதலாம் உலகப்போருக்கும் உள்ள தொடர்பினைச் சிறிது நோக்குதல் பயன்தரும். போர் நடந்துகொண்டிருந்த 1916இல் ஒன்றி பார்புஸின் 'நெருப்பு' அப்பரிசைப் பெற்றது. பதுங்குகுழி வாழ்வைச் சாதாரண வீரனின் நிலைநின்று காட்டிய நாவல் அது. 1918இல் போர்க்கால மருத்துவராகப் பணியாற்றிய ஜோர்ஜ் துஅமேலின் 'நாகரிகம்' பரிசு பெற்றது. 1919இல் நிலைமை மாறியது. ரோலான் தொர்ஷெலெஸின் 'மரச்சிலுவைகள்' என்னும் போர் நாவலைப் பின்தள்ளி, மார்செல் புரூஸ்டின் நாவல் ஆறுக்கு நான்கு என்ற வாக்குகளால் வென்றது. தோல்வியுற்ற நூலின் வெளியீட்டாளரான அல்பேன் மிஷேல் நிறுவனம், 'கொங்கூர் பரிசு' என்று பெரிய எழுத்திலும், 'பத்தில் நான்கு வாக்குகள்' என்று சிறிய எழுத்திலும் அச்சிட்ட தாட்பட்டியை நூலின்மேற் சுற்றி விற்றதும், புரூஸ்டின் வெளியீட்டாளரான கலிமார் வழக்குத் தொடர்ந்து வென்றதும் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்திகள். 94 ஆண்டுகளின் பின்னர் லெமேத்ரின் நாவலை வெளியிட்டதும் அதே அல்பேன் மிஷேல் நிறுவனமே.

இச்செய்தியை நாம் வெறும் சுவைக்காக எடுத்துக் கூறவில்லை. போரின் நினைவு சந்தைப்பொருளாவதைப் பற்றிய இந்நாவல் தானும் அந்நினைவின் சந்தையிலேயே பிறந்தது. போரின் நூற்றாண்டு நினைவு நிகழ்ச்சிகளைப் பிரெஞ்சு ஜனாதிபதி பிரான்சுவா ஒல்லாந்து தொடக்கிவைத்தது 2013 நவம்பர் 7ஆந் திகதி. அதாவது பரிசு அறிவிக்கப்பட்டு மூன்று நாட்களின் பின்னர். நாவல் பல இலட்சம் பிரதிகள் விற்பனையானமைக்கு அதன் தகுதி மாத்திரமன்றி அக்காலச் சூழலும் துணைநின்றது. நினைவு வணிகத்தைக் கண்டிக்கும் படைப்பொன்று அவ்வணிகத்தின் பருவகாலத்திலேயே வெளிவந்து பயனடைந்தது என்னும் முரண்பாட்டை மனங்கொண்டு மேற்செல்வோம்.

3

கதை 1918 நவம்பரில், போர்நிறுத்தத்துக்குச் சில நாட்களின் முன்னர் தொடங்குகின்றது. முடிவு நெருங்கிவிட்டதை அறிந்த வீரர் எவருக்கும் இனிச் சாகும் எண்ணமில்லை. ஆனால் நலிந்த பிரபுக் குடும்பமொன்றின் வாரிசான லெப்டினன் பிரதெலுக்கு ஒரு வெற்றியும் பதவி உயர்வும் தேவை. அவன் அனுப்பிய வேவுவீரர் இருவர் சுடப்பட்டு வீழ்கின்றனர்; சினங்கொண்ட படையினர் பகைவர்மீது பாய்கின்றனர். குண்டுகள் அவ்விருவரின் முதுகில் பாய்ந்திருப்பதை அல்பேர் மய்யார் என்னும் வங்கிக் கணக்கர் கண்டுவிடுகிறான். பிரதெல் அவனை எறிகணைக் குழியொன்றுள் தள்ளிவிட, மண் சரிந்து அவனை உயிருடன் மூடுகின்றது. குழிக்குள் கிடந்த இறந்த குதிரையொன்றின் தலையினுள் எஞ்சியிருந்த காற்றை உறிஞ்சி அவன் உயிர் தரிக்கின்றான். அவனைத் தோண்டியெடுத்துக் காப்பாற்றும் எதுவார் பெரிக்கூர், அதே வேளையில் எறிகணைச் சிதறலால் தன் கீழ்த்தாடையை இழக்கிறான்.

எதுவார் பெருஞ்செல்வரான வங்கியாளரொருவரின் மகன், ஓவியன், தன் வர்க்கத்தின் ஒழுக்கங்களை ஏளனஞ் செய்ததால் தந்தையால் வெறுக்கப்பட்டவன். சிதைந்த முகத்துடன் வீடு திரும்ப மறுக்கும் அவனுக்காக அல்பேர் ஆவணங்களை மாற்றி, இறந்த வேறொரு வீரனின் பெயரை அவனுக்குச் சூட்டுகிறான். சட்டத்தின் முன் எதுவார் இறந்தவனாகின்றான். இருவரும் பாரிசின் ஏழ்மை மிகுந்த வீடொன்றில் வாழ்கின்றனர். படையினின்று விடுவிக்கப்பட்டவனுக்கு அரசு தந்தது ஒரு மேலங்கி அல்லது 52 பிராங்கு. அல்பேர் விளம்பரப் பலகை சுமந்து வீதியில் திரிகிறான்; மின்தூக்கி இயக்குகிறான்; நண்பனின் வலிதணிக்க மோர்பின் தேடி அலைகிறான்.

பிரதெலோ எதுவாரின் சகோதரியான மதலேனை மணந்து, போர்க்களங்களில் சிதறிக்கிடக்கும் உடல்களைத் தோண்டி இராணுவ மயானங்களுக்கு மாற்றும் அரசாங்க ஒப்பந்தத்தைப் பெறுகிறான். எதுவார் வேறொரு திட்டம் தீட்டுகிறான். ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோருக்கு நினைவுச்சின்னம் அமைக்கத் துடிக்கும் வேளையில், அழகிய சின்னங்களின் படங்களடங்கிய விலைப்பட்டியலொன்றை ஊராட்சிகளுக்கு அனுப்பி, முற்பணம் பெற்று, சின்னம் எதனையும் செய்யாது தப்பியோடுவதே அத்திட்டம். அதற்கான முதலை, எதுவாரின் தந்தையே தனக்கு அளித்த வங்கித் தொழிலிலிருந்து அல்பேர் கையாடுகிறான்.

இவ்விரு மோசடிகளுள் நினைவுச்சின்ன மோசடி கற்பனை. உடல் மாற்றும் மோசடிக்கு வரலாற்று ஆதாரமுண்டு. போரில் இறந்த பிரெஞ்சு வீரர் ஏறத்தாழ 14 இலட்சம். நினைவுச்சின்னங்களுக்கு அரசமானியம் வழங்க வகைசெய்த சட்டம் 1919 ஒக்ரோபர் 25இலும், வீரரின் உடல்களை அரசின் செலவில் குடும்பங்களுக்குத் திருப்பியளிக்க வழிசெய்த சட்டம் 1920 யூலை 31இலும் நிறைவேறின. குடும்பங்களிடம் இவ்வாறு சேர்ந்த உடல்கள் ஏறத்தாழ 2,40,000. இப்பெரும்பணியிலும் மயானங்களை ஒன்றுசேர்க்கும் பணியிலும் ஒப்பந்தக்காரர் புரிந்த முறைகேடுகள் 1922இல் வெளிப்பட்டு அவமானக் கதையாயின. கற்பனையும் ஆவணமும் ஒன்றையொன்று விளக்குமாறு இணைந்து நிற்பது நாவலின் அமைப்புச் சிறப்பு.

4

இரு மோசடிகளையும் ஒப்புநோக்கும்போதே ஆசிரியரின் சமூக நோக்குத் தெளிவாகின்றது. பிரதெலின் தொழில் சட்டப்படியானது. அமைச்சுகளின் கதவுகள் அவனுக்குத் திறந்திருக்கின்றன. அவன் மார்பில் பதக்கம் தொங்குகின்றது. ஒவ்வோர் உடலுக்கும் இவ்வளவு என அரசு பணங்கொடுப்பதால், உடல் அவனுக்கு ஓர் உற்பத்தி அலகு. சவப்பெட்டியின் நீளத்தைக் குறைத்தால் மரச்செலவு குறையும், எனவே 1.30 மீற்றர் நீளப் பெட்டிகள் வருகின்றன. அவற்றுள் அடங்கும்படி உடல்கள் முறிக்கப்படுகின்றன. பெயர்கள் மாறுகின்றன, மண் நிரப்பிய பெட்டிகள் வீரரின் பெயரில் அடக்கஞ் செய்யப்படுகின்றன, பிரெஞ்சு வீரரின் கல்லறைகளில் ஜேர்மானியர் கிடக்கின்றனர். போர்க்களத்தில் ஆட்களை எண்ணிக்கையாகக் கண்ட அதே அறிவு, சமாதான காலத்தில் அவர்தம் எலும்புகளையும் எண்ணிக்கையாகக் காண்கின்றது. போரும் சமாதானமும் வேறுவேறு ஒழுங்குகளல்ல என்னும் உண்மையை ஆசிரியர் உரைநிகழ்த்தி விளக்கவில்லை. ஒரு பெட்டியின் நீளத்தைக்கொண்டே உணர்த்திவிடுகிறார்.

எதுவாரின் மோசடி சட்டவிரோதமானது. ஆனால் அது எந்த உடலையும் தீண்டவில்லை. வீரரை உயிருடன் கைவிட்டு, இறந்தவரைப் போற்றும் தேசத்தின் பாசாங்கையே அது தாக்குகின்றது. உயிருடனிருக்கும் ஊனமுற்றவனுக்கு 52 பிராங்கு தரும் சமூகம், கற்சிலைக்குப் பல்லாயிரம் பிராங்கு தர ஆயத்தமாயிருக்கிறது என்பதே அவனது கணக்கு. இக்கணக்குப் பொய்க்கவில்லை என்பதில்தான் நாவலின் கசப்பு உள்ளது. எதுவாரின் தந்தையே மகனின் நினைவாகத் தம் வட்டாரத்துக்குச் சின்னமொன்று அமைக்க விரும்பி, அறியாமலே மகனின் போலிச் சித்திரமொன்றைத் தெரிந்தெடுக்கிறார். உயிருடன் ஏற்க மறுத்த மகனின் கலையை, அவன் இறந்ததாக எண்ணிய பின்னரே அவரால் விரும்ப முடிகின்றது.

பெரிக்கூர் குடும்பக் கல்லறை பற்றிய நிகழ்ச்சி இதனினும் ஆழமானது. உடல்களை வீடு கொண்டுசெல்லல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மதலேன் தன் சகோதரனின் உடலை இரகசியமாகத் தோண்டியெடுத்துக் குடும்பக் கல்லறையிற் சேர்க்கிறாள். அது வேறொருவனின் உடல். பெயரறியா வீரனொருவன் பெருமுதலாளியின் குடும்பத்தோடு உறங்குகின்றான். அவனது தாய் எங்கோ வெறுங்குழியை நினைத்து அழுதிருப்பாள். கதை 1920 யூலையில் முடிகின்றது. அதே ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி பெயரறியா வீரனொருவனின் உடலைப் பிரெஞ்சு அரசு பாரிசின் வெற்றி வளைவுக்குக் கொண்டுவந்தது. நாவல் அந்நிகழ்வை எட்டுவதில்லை. ஆனால் வரலாற்றை அறிந்த வாசகருக்கு அக்குடும்பக் கல்லறை அரசின் கல்லறைக்கு முன்னோடியாகத் தோன்றாதிருக்க முடியாது. இறந்தவனின் பெயர் அழியும்போது அவனை எவரும் தமதாக்கிக்கொள்ளலாம்: குடும்பமாயினும் சரி, அரசாயினும் சரி.

நாவலின் தலைப்பும் இத்தகைய உரிமைப் போராட்டமொன்றிலிருந்து எடுக்கப்பட்டதாகும். 1914 டிசம்பர் 4ஆந் திகதி வங்ரே என்னுமிடத்தில் ஷோன் பிளான்ஷார் உள்ளிட்ட ஆறு வீரர், பகைவர்முன் பின்வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஏனையோருக்குப் பாடமாகத் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பிளான்ஷார் தன் மனைவிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தின் விடைபெறும் சொற்களே தலைப்பாயின. 1921 சனவரி 29இல் உயர்நீதிமன்றம் அவ்வறுவரும் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. போர்க்காலத்தில் இவ்வாறு சுடப்பட்ட 600க்கு மேற்பட்டோருள் பெரும்பாலோருக்கு அத்தகைய தீர்ப்புக் கிட்டவில்லை. நினைவுச்சின்னங்கள் எவரை நினைவுகூர்கின்றன என்பதோடு எவரை விலக்குகின்றன என்பதையும் தலைப்பு எமக்கு நினைவூட்டுகின்றது.

5

எதுவாரின் முகம் பற்றித் தனியே கூறவேண்டும். முகஞ்சிதைந்த பிரெஞ்சு வீரரின் தொகை 10,000 முதல் 15,000 வரை எனக் கணிக்கப்படுகின்றது. 1919 யூன் 28இல் வேர்சாய் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டபோது, அத்தகைய ஐவரைப் பிரதமர் கிளெமென்சோ மண்டபத்தில் நிறுத்திவைத்தார். ஜேர்மன் தூதுக்குழுவினர் அவர்களைக் காணவேண்டும் என்பதே நோக்கம். சிதைந்த முகமும் அரசின் கையில் ஒரு வாதமாயிற்று. எதுவார் இவ்வாறு பயன்படுத்தப்பட மறுக்கிறான். அறுவைச் சிகிச்சையையும் அவன் ஏற்கவில்லை. வீட்டுக்காரியின் சிறுமகள் லூயிசின் துணையுடன் நாளுக்கொரு முகமூடி செய்து அணிகின்றான். அல்பேரின் உயிர்காத்த குதிரைத் தலையும் அவற்றுள் ஒன்று. பேச்சிழந்தவனுக்கு முகமூடியே மொழியாகின்றது. கண்ணீரை வரவழைக்கும் உத்தியாக ஊனத்தைக் கையாளாது, கலைஞனின் எதிர்ப்பாக அதனை வளர்த்திருப்பது ஆசிரியரின் முதிர்ச்சியைக் காட்டும்.

பாத்திரங்களுள் அல்பேரும் மெர்லனும் குறிப்பிடத்தக்கவர்கள். வரலாற்று நாவலின் நாயகன் பெருவீரனாயிருத்தல் வேண்டியதில்லை. எதிரெதிர்ச் சக்திகளிடையே நிற்கும் சராசரி மனிதனே ஒரு காலத்தின் முழுமையைக் காட்டவல்லவன் என்பது லூக்காச் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்து நிறுவிய கருத்து. அச்சமும் நன்றியும் மாறிமாறி அலைக்கழிக்கும் அல்பேர் அதற்கு ஏற்ற சான்று. மயானங்களைப் பரிசோதிக்க வரும் மெர்லன் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, எவராலும் விரும்பப்படாத, அழுக்கடைந்த உத்தியோகத்தன். இலஞ்சத்தை மறுத்து, அப்பணத்தாள்களையே தன் அறிக்கையில் ஒட்டிச் சமர்ப்பிக்கிறான். நாவலின் ஒரே நேர்மையாளனை அருவருப்பூட்டும் தோற்றத்துடன் படைத்ததால், அறத்தை அழகுடன் இணைத்துக் காணும் வாசகரின் பழக்கத்தையும் ஆசிரியர் குலைக்கிறார்.

6

இத்துணைச் சிறப்புகள் உள்ள நாவலில் விடுபட்டுப்போனது யாது? எமது நோக்கில், மக்களின் கூட்டுச் செயலே விடுபட்டுப்போனதாகும்.

நாவலில் ஊராட்சிகள் ஏமாறும் வாடிக்கையாளராக மட்டுமே தோன்றுகின்றன. வரலாறு இவ்வளவு ஒருதலையானதன்று. பிரான்சின் ஏறத்தாழ 36,000 ஊராட்சிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் சின்னங்கள் எழுந்தன. அவற்றுட் பல ஊரவரின் சந்தாப்பணத்தின் துணையோடு எழுந்தவை. அவற்றை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் அந்துவான் புரோஸ்த், பெரும்பான்மையானவை வெற்றியைக் கொண்டாடுவனவாகவன்றி, இறந்த குடிமக்களின் பெயர்களைப் பொறித்த எளிய நடுகற்களாகவே உள்ளன எனக் காட்டியுள்ளார். குறூஸ் மாவட்டத்து ஜோன்சியூ என்னும் சிற்றூரில் 1922இல் எழுந்த சின்னத்தில், அநாதைச் சிறுவனொருவன் போரைச் சபிக்கும் வாசகத்தை நோக்கி முட்டியை இறுக்கி நிற்கின்றான். விலைப்பட்டியலிலிருந்து வாங்கப்பட்ட கல்லுக்கும் துயரின் உண்மையைத் தாங்கும் ஆற்றல் உண்டு. அக்கல்லின் முன் கூடிய ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட விதவையரின் துக்கம் எவ்வணிகரின் கணக்கிலும் அடங்குவதன்று. நினைவு விற்கப்படுகிறது என்று காட்டிய ஆசிரியர், விற்கப்பட்ட பின்னும் அதில் விற்க முடியாத ஒன்று எஞ்சுகிறது என்பதைக் காட்டத் தவறிவிட்டார்.

அவ்வாறே முன்னாட் போர்வீரரின் அமைப்புகளும் கதையை இயக்கும் சக்தியாக அமையவில்லை. பார்புஸ், வையோன்-கூத்தூரியே முதலானோர் 1917இலேயே குடியரசுவாத முன்னாட் போர்வீரர் சங்கத்தை நிறுவினர். 1930களின் தொடக்கத்தில் இத்தகைய பல்வேறு சங்கங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இருந்தனர். கதை நிகழும் 1920இன் வசந்தத்தில் புகையிரதத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் நாட்டை உலுக்கியது. எதுவாரும் அல்பேரும் இவற்றுக்கு வெளியே, தம் அறையின் நான்கு சுவர்களுக்குள் பழிதீர்க்கத் திட்டமிடுகின்றனர். மோசடிக் கதைக்கு இரகசியம் வேண்டும். கூட்டுச் செயலுக்கோ வெளிப்படை வேண்டும். எனவே வடிவமே உள்ளடக்கத்தைக் குறுக்கிவிடுகின்றது. அநீதி சமூக அமைப்பிலிருந்து பிறக்கின்றது எனக் காட்டும் நாவல், தீர்வைத் தனிமனிதச் சாகசத்தில் தேடுகின்றது.

முடிவு இதனை மேலும் உறுதிப்படுத்துகின்றது. சிறகுகள் பூண்ட எதுவார் பாரிசின் லுத்தேசியா விடுதியிலிருந்து வெளிப்பட்டு, தந்தை செலுத்திவரும் மோட்டார் வண்டியில் மோதுண்டு இறக்கிறான். அற்புதமான காட்சி, ஆயினும் அழகியற் சைகையாகவே முடிந்துவிடுகின்றது. 2017இல் அல்பேர் துய்ப்போந்தேல் ஆக்கிய திரைப்படம் தந்தையையும் மகனையும் சந்திக்கவைத்து இணக்கமுறச் செய்கின்றது. நாவலாசிரியர் அத்தகைய மலிவான ஆறுதலை மறுத்தமை பாராட்டத்தக்கது.

ஆனால் அல்பேர் எங்கே போகிறான்? மோசடிப் பணத்துடனும் காதலியுடனும் பெய்ரூத்தை அடைகிறான். 1920 ஏப்பிரலில் சன் ரேமோ மாநாடு சிரியாவையும் லெபனானையும் பிரான்சின் ஆணைக்குட்படுத்தியது. யூலையில் பிரெஞ்சுப் படை டமஸ்கஸ் நோக்கிப் போரிட்டு முன்னேறிற்று. செப்டெம்பர் 1இல் ஜெனரல் கூரோ பாரிய லெபனானைப் பிரகடனஞ் செய்தார். பாரிசில் போரின் பின்னான காலம். அங்கோ போர் தொடர்கின்றது. ஏகாதிபத்தியப் போரினால் வஞ்சிக்கப்பட்ட வீரன் அதே ஏகாதிபத்தியம் புதிதாகக் கைப்பற்றும் மண்ணில் புதுவாழ்வு காண்கிறான். இம்முரண்பாட்டை ஆசிரியர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. திரைப்படத்தில் கதை மொறொக்கோவில் முடிகின்றது. அதுவும் 1912 முதல் பிரெஞ்சுக் காப்பாட்சிக்கு உட்பட்டிருந்த நாடே. மயானங்களில் உடல்களைத் தோண்டும் சீனத் தொழிலாளர் நாவலில் வருகின்றனர். ஆயினும் மொழி தெரியாமையால் தவறிழைக்கும் கூட்டமாகவே வருகின்றனர். ஐரோப்பிய இறந்தோரைப் புதைத்த ஆசியக் கரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்னும் உணர்வு நாவலில் அரும்பவில்லை.

7

இக்குறைகள் நாவலை நிராகரிப்பதற்கான காரணங்களாகா. ஒரு படைப்பு எந்த வினாவைத் துணிந்து எழுப்புகிறதோ, அவ்வினாவைக்கொண்டே அதன் எல்லையையும் அளத்தல் வேண்டும். 'இறந்தோர் யாருக்கு உரியர்?' என்னும் வினாவை லெமேத்ர் அரசின் முன்னும், முதலாளியின் முன்னும், குடும்பத்தின் முன்னும் வைத்து, மூவரின் உரிமைக் கோரிக்கையும் எவ்வளவு கறைபட்டது என்பதை நிறுவுகிறார். இலட்சக்கணக்கான வாசகர் விரும்பிப் படிக்கும் கதை வடிவத்தில் இதனைச் செய்தமை சிறு சாதனையன்று. வெகுசன வடிவமும் விமரிசன நோக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இந்நாவல் மீண்டும் எண்பிக்கின்றது.

ஆனால் அவ்வினாவுக்கு நான்காவது விடையொன்றும் உண்டு. இறந்தோர், அவரோடு ஒரே நிலையில் நின்று பிழைத்து வந்தவருக்கும், அவரை இழந்து வாழ்வோருக்கும் உரியர். அவர்கள் கூடிநின்று பெயர்களை வாசிக்கும்போதும், கொன்றது யார் எனக் கேட்கும்போதும் நினைவு வணிகத்திலிருந்து மீட்கப்படுகின்றது. 1914இல் சுடப்பட்ட அறுவரின் பெயர்கள் 1921இல் மீட்கப்பட்டமை, குடும்பத்தினரும் உடன் போரிட்டோரும் ஓயாது குரலெழுப்பியதன் விளைவாகும். தன் தலைப்பை அவ்வறுவருள் ஒருவனின் கடிதத்திலிருந்து பெற்ற நாவல், அக்கடிதத்தைப் பெற்றவளின் போராட்டத்தையும் தன் கதையுள் அனுமதித்திருக்குமாயின் இன்னும் உயர்ந்த படைப்பாக மலர்ந்திருக்கும். போரொன்றின் பின் வாழும் வாசகர் எவரும் தம் சூழலுக்கான ஒப்புமைகளைத் தாமே காண்பர். அவர்க்கு நாம் கூறக்கூடியது, இந்நாவல் சொன்னதைப் போலவே அது சொல்லாது விட்டதையும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும் என்பதே.